அம்மாவின் கைராசியும் உங்கள் ஜன்னலும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், சிறிய பால்கனி. அம்மா இருந்தவரை அந்தப் பால்கனி நிறையச் செடிகள். அவர் போன பிறகு ஒவ்வொன்றாகக் காய்ந்துவிட்டன. வீட்டில் பச்சை இருந்தால் மனதுக்கு நல்லது என்று நண்பர்கள் சொல்ல, ஒன்றரை வருடத்தில் நான்கு செடிகள் வாங்கினீர்கள்: மணி பிளான்ட், அரிகா பனை, பீஸ் லில்லி, ஒரு பெரணி. தினமும் காலையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றியும் நான்கும் போய்விட்டன. அம்மா வைத்த ஸ்நேக் பிளான்ட் ஒன்று மட்டும் படுக்கையறை மூலையில் நிற்கிறது. அதையும் கெடுத்துவிடுவோமோ என்று தொடவே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். "அம்மாவுக்கு இருந்த கைராசி எனக்கு இல்லையா? செடி வளர்த்தால் நிம்மதி கிடைக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சா?" இதுதான் கேள்வி.

எந்தச் செடி சுலபமாக வளரும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஓர் உயிரைக் கையில் கொடுத்தால் காப்பாற்றுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நர்சரிக்கு வருகிறவர்களில் பலர் இதையே வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். "எனக்கு ராசியில்லைங்க, நான் தொட்டாலே பட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு, செடியையே பார்த்தபடி நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும், கொஞ்சம் நிதானமாக, எழுதுகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். முடிச்சூர் பக்கம் 27 ஆண்டுகளாக நர்சரி நடத்துகிறேன். மண், நீர், வெளிச்சம் பற்றிச் சொல்வது படிப்பும் கையும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது. அதை உறுதியாகவே சொல்வேன். மனதைப் பற்றிச் சொல்லும்போது நான் மருத்துவன் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆய்வுகளைப் படித்த ஒருவனாகவும், செடியோடு வந்து போகும் மனிதர்களைப் பார்த்த ஒருவனாகவும் மட்டுமே பேச முடியும்.

முதலில் கைராசி. எங்கள் நர்சரியில் ஓர் அம்மா இருபது வருடம் வேலை பார்த்தார். அவர் நட்ட போத்து, அதாவது வெட்டி நடும் தண்டு, நூற்றில் தொண்ணூறு வேர் பிடிக்கும். அதே கொடியில், அதே நாளில் மற்றவர்கள் வெட்டி நட்டது பாதிகூடத் தேறாது. ராசிக்கை என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஒருநாள் வேறு வேலையில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். வெயில் ஏறுவதற்கு முன்பே வெட்டிவிடுவார். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் துணியில் துடைப்பார். கணுவுக்குக் கீழே கால் அங்குலம் விட்டு, சாய்வாக ஒரே வெட்டு. மண்ணுக்குள் போகிற பகுதியில் இலை இருந்தால் கிள்ளிவிடுவார். மண்ணைக் கையில் பிடித்து அழுத்திப் பார்ப்பார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அந்தக் கலவையை ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பார். நட்டபின் வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கவே மாட்டார். நாங்கள் இழுத்துப் பார்ப்போம், அப்போது புதிதாக வந்த வேர்முனை அறுந்துபோகும். இவ்வளவுதான் அந்த ராசி. அவர் இதையெல்லாம் யாருக்கும் சொன்னதில்லை, ஏனென்றால் இவை தனித்தனி வேலைகள் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு பத்து பழக்கங்கள் இருந்திருக்கும். சமையலில் உப்பு போடுவதைப் போல, கேட்டிருந்தால்கூட அளவு சொல்லத் தெரிந்திருக்காது.

கைராசி மீது எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையை 2015 டிசம்பர் வெள்ளம் எடுத்துக்கொண்டது. அடையாற்று நீர் எங்கள் பகுதிக்குள் புகுந்து மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு போனால், மார்பளவு உயரத்துக்குச் சுவரில் சேற்றுக் கோடு. பல வருடம் குழந்தை மாதிரி வளர்த்தவை எல்லாம் கருகியதுபோல் கிடந்தன. ராசிக்கை அம்மா நட்டவையும் நான் நட்டவையும் ஒன்றாகவே அழுகியிருந்தன. பிழைத்தது எது தெரியுமா? யாரும் கவனிக்காமல் வேலியோரம் கிடந்த கல்வாழை, சேம்பு, ஈரத்தில் வளரும் கோரையினச் செடிகள். வேரில் தண்ணீர் நிற்பதைத் தாங்கும் உடலமைப்பு அவற்றுக்கு இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. கொம்பில் உயரக் கட்டியிருந்த மணி பிளான்ட் கொடியில் தண்ணீர் தொடாத மேல்நுனி மட்டும் பச்சையாக இருந்தது. அதை வெட்டி வைத்துத்தான் மறுபடி தொடங்கினோம். அன்றிலிருந்து ஒரு செடி செத்தால் யார் கை என்று நான் கேட்பதில்லை. அதன் வேருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன்.

உங்கள் செடிகளின் வேருக்கு என்ன நடந்தது? "தினமும் காலையில் மறக்காமல்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வீட்டுக்குள் வைக்கும் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து சாவதே அதிகம். என் அனுபவத்தில் மிக மிக அதிகம். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பி நின்றால் காற்றுக்கு வழியில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைப் போல ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சு முட்டிய வேர் சோர்ந்துபோகும். ஈரமண்ணில் வாழும் பிதியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே தண்ணீருக்கு நடுவிலேயே இலை தொங்கிப் போகும். இங்கேதான் நல்ல மனம் கொண்டவர்கள் தவறிப்போகிறார்கள். தொங்கிய இலையைப் பார்த்தால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். உங்கள் நான்கு செடிகளில் மூன்று இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதாவது அவை உங்கள் அலட்சியத்தால் போகவில்லை. அக்கறை தப்பான இடத்தில் இறங்கியிருக்கிறது.

பெரணி விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அது ஈரத்தை விரும்புகிற செடி. அது போனதற்கு ஏசி காற்று, மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தது, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்று மூன்று காரணங்கள் இருக்கலாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். படிந்திருந்தால் தண்ணீர் மீது சந்தேகப்படலாம். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் சென்னையில் பரவியிருக்கிறது. அந்த நீரில் உப்பு இன்னும் கூடுதல்; தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், கடைக்காரர்கள் சொல்லாதது. சென்னையில் விற்கும் செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருகிறது. ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் அந்த ஊரைச் சுற்றி நர்சரிகளே தொழில். அங்கிருந்து வரும் செடிகளின் வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் உருண்டை இருக்கும். நீண்ட பயணத்தில் வேர் அசையாமல் இருக்க அது தேவை. அதை அப்படியே தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் வைத்தால், சுற்றியிருக்கும் நார் இரண்டு நாளில் காய்ந்துவிடும், நடுவில் களிமண் பத்து நாள் ஈரமாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்கிறது, உள்ளே வேர் ஊறிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது வீட்டுக்கு வந்தவுடன் மாற்றாமல், நிழலில் இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்தது உங்கள் அறையின் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். அந்த நாட்களில் இரண்டு மூன்று இலை உதிர்ந்தாலும் பதற வேண்டாம். பிறகு வாளித் தண்ணீரில் வேர்ப்பந்தை நனைத்து, அந்தக் களிமண்ணில் பாதியையாவது மெல்லக் கரைத்துவிட்டு, தோட்டமண், மணல், மண்புழு உரம், கழுவிய நார்க்கழிவு நான்கும் ஏறத்தாழ சம அளவில் கலந்து வையுங்கள். தொட்டியில் ஓட்டை இருக்க வேண்டும். அழகுக்காக ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தால் அதன் அடியில் தேங்கிய நீரை அன்றே கொட்டிவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. சித்திரையில் இரண்டு நாள் தாங்காத தொட்டி ஐப்பசியில் பன்னிரண்டு நாள் தாங்கும். துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்ற வேண்டாம். சுத்தமாக வந்தால், அடி ஓட்டையில் வழிகிறவரை நிறைய ஊற்றுங்கள். இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பதற்கு நேர் எதிர். சுத்தமாக வந்தால்தான் இங்கே வேலை தொடங்குகிறது. இரண்டு மாதம் இப்படிச் செய்தால் ஈர்க்கு தேவைப்படாது. தொட்டியைத் தூக்கினாலே கை எடை சொல்லிவிடும். அதைப் பார்க்கிற அடுத்த வீட்டுக்காரர் உங்களுக்குக் கைராசி என்பார்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல முளைப்பாரியை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, வாய் அகன்ற சட்டியில் நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துப் பெண்கள் வளர்ப்பார்கள். சில நாட்களில் ஒரு முழம் உயரம் நிற்கும், வெளிர்மஞ்சளாக, மெலிந்து, தொட்டால் ஒடிகிற மாதிரி. அது செழிப்பால் வந்த உயரம் இல்லை. விதைக்குள் இருந்த சேமிப்பு முழுவதையும் செலவு செய்து, எங்கேயாவது ஒளி இருக்கிறதா என்று தேடிப் போகிற உயரம். திருவிழா அன்று ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவதால் அதன் பிறகு என்ன ஆகும் என்று யாரும் பார்ப்பதில்லை. வரவேற்பறை மூலையில் வைத்த மணி பிளான்ட் கணுவுக்குக் கணு நீண்டு, இலை சிறுத்து, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டுகிறதே, அதுவும் முளைப்பாரிதான். கொஞ்சம் மெதுவாக நடக்கிறது.

நம் கண் இதில் நம்மை ஏமாற்றுகிறது. ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளினால் ஆயிரம் இருந்தாலே அதிகம். ட்யூப் லைட் போட்ட அறையின் உள்மூலையில் இருநூறு இருக்கலாம். கண் பாவையைத் திறந்து தன்னைச் சரிசெய்துகொள்வதால் எல்லா இடமும் நமக்கு "வெளிச்சமாகத்தான் இருக்கிறது" என்று தோன்றும். செடிக்கு அப்படிச் சரிசெய்துகொள்ளும் வசதி குறைவு. செல்போனில் ஒளி அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் உங்கள் ஜன்னலோரத்துக்கும் படுக்கையறை மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டப் போதும். ஒருமுறை அளந்து பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள். கிழக்கு ஜன்னல் உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய வசதி. காலை எட்டு மணி வெயில் பெரும்பாலான வீட்டுச் செடிகளின் இலையைச் சுடாது. நிழலில் இருப்பது தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். இருட்டு மூலையும் தினசரித் தண்ணீரும் சேர்ந்ததுதான் உங்கள் வீட்டில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நிம்மதி. இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் செடி விற்கிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், பிரிக்காமலே பேசிப் பழகிவிட்டோம். வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பது முதலில் வரும் பேச்சு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக வொல்வர்டன் என்பவர் நடத்திய ஆய்வு 1989இல் வெளிவந்தது. மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, சில ரசாயன ஆவிகள் குறைவதைக் காட்டினார்கள். அது உண்மை. ஆனால் உங்கள் வீடு மூடிய பெட்டி இல்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2019இல் வெளியான ஒரு மறுஆய்வின் கணக்குப்படி, சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். ஜன்னலைத் திறப்பது மேல். ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தரும் என்பதும் பாதி உண்மையிலிருந்து வளர்ந்த பேச்சு. வறண்ட நிலத்துச் செடிகள் பலவற்றைப் போல அது இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். அது பகல் வேலை.

மனம் பற்றிய ஆய்வுகளில் ஒன்றை மட்டும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தியது. இரண்டு தளங்களில் இருந்த முதியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு செடி கிடைத்தது. ஒரு தளத்தில், உங்கள் அறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இந்தச் செடியும் உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்தில், எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள், செடிக்கும் செவிலியரே தண்ணீர் ஊற்றுவார் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தவர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம், இரண்டாம் தளத்தில் 30 சதவீதம். இதை அப்படியே தூக்கிக்கொண்டு செடி ஆயுளைக் கூட்டும் என்று சொல்லக் கூடாது. மொத்தம் நூறு பேர்கூட இல்லாத ஆய்வு. செடியோடு வேறு உரிமைகளும் சேர்த்தே தரப்பட்டன. ஆனாலும் ஒன்று கவனியுங்கள்: பச்சை இலை இரண்டு தளத்திலும் இருந்தது. செடியைப் பொறுத்தவரை, யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் வேறுபாடு. அழகுக்கு வாங்கி வைத்து, வேலைக்கு வருகிறவர் பராமரிக்கும் செடிகள் நிறைந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தேடுவது அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மணி பிளான்டில் புது இலை வருவதை நெருங்கிப் பார்த்திருக்கிறீர்களா? முந்தைய இலையின் காம்பு ஓடை போலக் குழிந்து, ஓரத்தில் மெல்லிய தோல் பிடித்திருக்கும். அந்த உறைக்குள்ளிருந்து, ஊதுபத்தியைப் போல இறுகச் சுருண்ட இளம்பச்சைக் குருத்து மேலே வரும். நான்கைந்து நாள் அசைவே இல்லாத மாதிரி நிற்கும். பிறகு ஒரு காலை ஓரம் நெகிழ்ந்திருக்கும். மறுநாள் பாதி விரிந்து, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். தொட்டால் குளிர்ந்து, பட்டு மாதிரி வழுக்கும். அந்த நிறம் ஒரு வாரம்தான். பிறகு கடினமாகிக் கரும்பச்சைக்கு மாறிவிடும். 27 வருடமாகப் பார்க்கிறேன். இன்றும் விரியத் தொடங்கிய குருத்தைக் கண்டால் தண்ணீர்க் குழாயை ஒரு கணம் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருவர் காலையில் போன் செய்து, "செடி கண்ணீர் விடுகிறது, என்ன செய்வது" என்று நிஜமான கவலையோடு கேட்டார். இலைநுனியில் ஒரு சொட்டு நீர் தொங்குகிறது, துடைத்தால் மறுநாளும் வருகிறது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மிகுதி நீர் இலைநுனியில் உள்ள சிறு வாய் வழியாகச் சொட்டும். வேர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்; ஊற்றுவதை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். அவர் மறுமுனையில் சில நொடி பேசவில்லை. பிறகு, "இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது, இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அந்த நிமிடத்தில் அவருக்குக் கிடைத்ததை நான் நிம்மதி என்றே சொல்வேன். அலுவலகமும் கடனும் கொஞ்ச நேரம் அவர் தலையில் இல்லை.

செடி கற்றுத் தந்ததாக நான் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அதன் பதில் தாமதமாக வரும் என்பதைச் சொல்வேன். இன்று மஞ்சளாகும் இலை, பதினைந்து நாளுக்கு முன்பு நடந்ததைப் பேசுகிறது. இன்று நீங்கள் செய்கிற திருத்தத்துக்குப் பதில் அடுத்த மாதக் குருத்தில்தான் தெரியும். இது புரியாமல், இலை பழுத்த அன்றே உரம் போட்டு, தொட்டி மாற்றி, வெயிலில் வைத்து, வேப்பெண்ணெயும் அடித்துவிடுவோம். ஒரே நாளில் நான்கு மருந்து. எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஒரு மாற்றம் செய்யுங்கள், பதினைந்து நாள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். நோட்டில் தேதி குறித்து வையுங்கள். கையைக் கட்டிக்கொள்வது எனக்கு எளிதில் வரவில்லை. என் பெண் பத்தாம் வகுப்பில் தடுமாறியபோது ஒரே வாரத்தில் இரண்டு டியூஷன், புது அட்டவணை, தினமும் ஒரு பேச்சு என்று நான் செய்தது, வாடிய செடிக்கு ஒரே நாளில் நான்கு மருந்து போட்ட கதைதான். அதை நான் உணர்ந்தது நாற்றுப் பாத்தியில் நின்றபோது.

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று சொல்வார்கள். கேட்டு வாங்கிய கிளையும் நன்றாகவே வளரும். யாருக்கும் தெரியாமல் ஒடிப்பவர்கள் பெரும்பாலும் வீரியமான நுனியைக் கணுவோடு ஒடித்து வருவார்கள், அதனால் வேர் பிடிக்கிறது. கேட்டு வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. உங்கள் அம்மா இத்தனை வருடத்தில் அந்தக் குடியிருப்பில் யாருக்காவது கற்பூரவல்லியோ துளசி நாற்றோ கொடுத்திருப்பார். செடி வளர்க்கும் எந்த அம்மாவும் கொடுக்காமல் இருந்ததில்லை. கீழ்வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர் பால்கனியில் காய்ந்துபோனதாக நீங்கள் நினைக்கும் செடி, வேறொரு வீட்டில் நிற்கக்கூடும். ஒரு கிளை கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். துயரம் பல வாரமாக நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், செடி அதற்கு மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள், செடியையும் வளருங்கள்.

கடைசியாக அந்த ஸ்நேக் பிளான்ட். நான்கு போயும் அது நிற்பது எதனால் என்று யோசித்தீர்களா? பயந்து நீங்கள் அதைத் தொடவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்கு வேண்டியதும் அதுதான். மேற்கு ஆப்பிரிக்க வறட்சியில் உருவான செடி, தடித்த இலையிலும் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கு போன்ற தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் ஊரில் மருள் என்று சொல்லி நார் எடுத்தார்களே, அதன் நெருங்கிய உறவு. ஆகவே இந்த ஒன்றரை வருடம் அதை நீங்கள் சரியாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். இனிமேல் பயத்தை விட்டுவிட்டுச் செய்ய வேண்டியது இரண்டு. அதைக் கிழக்கு ஜன்னலுக்கு வாரம் ஓர் அடியாக நகர்த்திக் கொண்டுபோங்கள். பிறகு, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், அதைப் பிரித்து இரண்டாக வையுங்கள். ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் மற்றொன்று இருக்கும்.

பிரிக்கும்போது ஒரு கவனம். இலை ஓரத்தில் மஞ்சள் கரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டுப் புதுச் செடி உண்டாக்கச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுகளில் அந்த மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை அப்படியே வர வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். தொட்டியைச் சாய்த்து மெல்லத் தட்டி வெளியே எடுங்கள். மண்ணை உதிர்த்தால் கட்டைவிரல் பருமனில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தண்டுகள் தெரியும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இலையும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி, துடைத்த கத்தியால் ஒரே வெட்டு. வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வையுங்கள். பாதி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். புதுக் கன்று மண்ணைப் பிளந்து வர மூன்று மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இழுத்துப் பார்க்க வேண்டாம்.